2028ஐ நோக்கி இலங்கைப் பொருளாதாரம்: செய்யப்பட்டவையும் செய்யப்படாதவையும்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின்னர் நாடு கடன் தவணையைக் கட்டத் தவறியது அதுவே முதற்தடவை. அடுத்த மாதம் அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் பேசும்போது, பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 50 மில்லியன் டொலருக்கும் குறைவாகவே இருப்பதாகக் கூறினார். சில கப்பல் எரிபொருளுக்குக்கூடப் போதாத தொகை அது.

எரிபொருள் வரிசைகளைக் கண்டு தென்னிலங்கை திகைத்து நின்ற அந்த மாதங்களில், வடக்கு கிழக்கில் பலருக்கு அது முன்னரே பார்த்த காட்சியாக இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் பழகிய துன்பம் என்பதால் அது குறைவாக வலித்தது என்றில்லை. போரில் சேமிப்பை முழுவதுமாக இழந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மீண்டும் சிறிது சேர்த்த குடும்பங்களின் கையிருப்பை அந்த ஒரு வருடப் பணவீக்கம் தின்று தீர்த்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாகவும் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்துக்கு மேலாகவும் இருந்தது.

அதன் பின்னர் எண்கள் தேறிவிட்டன. 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் பெறுமதியான நான்கு வருட உதவித் திட்டத்தை அங்கீகரித்தது. அந்த நிதியத்துடன் இலங்கை செய்துகொண்ட பதினேழாவது ஏற்பாடு அது. 2022இலும் 2023இலும் சுருங்கிய பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. வெளிநாட்டு ஒதுக்கு 2024 முடிவில் 6 பில்லியன் டொலரைத் தாண்டியது. சீன மக்கள் வங்கியுடனான நாணய மாற்று ஏற்பாடும் அதில் அடக்கம். பணவீக்கம் 2024 செப்டெம்பரிலிருந்து சில மாதங்கள் பூச்சியத்துக்கும் கீழே போனது. இதைக் கேட்டு, ‘அப்படியென்றால் ஏன் அரிசி விலை பழைய நிலைக்கு வரவில்லை?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள். 2022இல் ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. சம்பளமும் கூலியும் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2024இலும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தனர்.

இப்போது கிடைத்திருப்பது ஓர் இடைவேளை. உத்தியோகபூர்வக் கடன் வழங்குநர் குழுவுடனும் சீன எக்ஸிம் வங்கியுடனும் 2024 ஜூனில் உடன்பாடு எட்டப்பட்டது. அவ்வருட டிசம்பரில் சர்வதேச பிணைமுறிகள் மாற்றப்பட்டன. இருதரப்புக் கடன்களின் முதலைத் திருப்பிச் செலுத்துவது 2028 வரை தள்ளிவைக்கப்பட்டது. நாணய நிதியத்தின் திட்டம் 2027இல் முடிவடையும். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து தவணைகள் கனக்கத் தொடங்கும். அதற்குள் நாடு கூடுதல் டொலரை உழைக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பதினெட்டாவது ஏற்பாட்டுக்காக மீண்டும் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட டித்வா புயல் அந்த அவகாசத்தை மேலும் குறுக்கியது.

இதுவரை நடந்தவற்றில் பெரும்பகுதி கணக்கைச் சமப்படுத்தும் வேலை. உற்பத்தியைப் பெருக்கும் சீர்திருத்தங்கள் இன்னும் தொடங்கவில்லை, அல்லது சட்டப் புத்தகத்தோடு நிற்கின்றன. அவற்றில் முக்கியமான சில, தமிழ் மக்கள் நீண்டகாலமாக உரிமைப் பிரச்சினைகளாக எழுப்பிவரும் அதே விடயங்கள்தான். காணியும் படைக்குறைப்பும் அதிகாரப் பகிர்வும் ‘அரசியல்’ என்ற பெட்டியில் போடப்பட்டு, பொருளாதாரம் பற்றிய பேச்சில் அவற்றுக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

கணக்கை யார் சமப்படுத்தினார்கள்?

நெருக்கடி ஒரு நாளில் வந்ததல்ல. 2007இல் முதன்முறையாகச் சர்வதேச சந்தையில் பிணைமுறி விற்றுக் கடன் வாங்கிய இலங்கை, போர் முடிந்த பின்னர் அதையே வழக்கமாக்கிக்கொண்டது. துறைமுகமும் விமான நிலையமும் நெடுஞ்சாலைகளும் கட்டப்பட்டன. வடக்கின் பெருந்தெருக்களும் சீன, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன்களில் புதுப்பிக்கப்பட்டன. வீதி நல்லதுதான். ஆனால் அந்த வீதியால் ஏற்றிச் செல்ல எமது பக்கத்தில் என்ன உற்பத்தியாகிறது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த லொறிகள் நிறைந்து வந்து வெறுமையாகத் திரும்பின.

கடன் ஏறிக்கொண்டிருந்தபோது வருமானம் வெட்டப்பட்டது. 2019 இறுதியில் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. அந்த வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியன் ரூபாவாக உயர்த்தியது. உழைக்கும்போது செலுத்தும் வரியையும் நீக்கியது. அடுத்து கோவிட் வந்தது. 2021இல் ஓரிரவில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு வயல்களில் அந்தப் போகம் என்ன ஆனது என்பதை இங்கு விபரிக்கத் தேவையில்லை. 2021இல் அரசின் மொத்த வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. உலகில் மிகக் குறைந்த வருமானம் திரட்டும் அரசுகளில் ஒன்றாக இலங்கை ஆனது.

இந்தப் பள்ளத்தை நிரப்பியவர்கள் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெறுமதிசேர் வரி 2022இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகவும் ஆனது. இந்த வரி கடையில் பொருள் வாங்கும் எல்லோர் மீதும் ஒரே விகிதத்தில் விழுகிறது. வருமானம் முழுவதையும் அன்றாடத் தேவைக்கே செலவிடும் குடும்பத்துக்கு அதன் பாரம் அதிகம். மாதச் சம்பளத்தில் பாதியைச் சேமிக்கக்கூடியவருக்குக் குறைவு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரப் படகில் தொழிலுக்குப் போகும் கரையோரக் குடும்பங்களுக்கு அது ஒரு பொருளின் விலையேற்றம் மட்டுமல்ல. கடலுக்குப் போவதா இல்லையா என்ற கணக்கையே அது மாற்றியது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டப்பட்டது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலும் இதே கதைதான். 2023இல் வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகள் மாற்றப்பட்டன. மாற்ற மறுத்தால் 14 சதவீதமாக இருந்த வரி 30 சதவீதமாகும் என்று சட்டம் செய்யப்பட்டது. தொடக்கத்தில் 12, பின்னர் 9 சதவீத வட்டி தரும் முறிகளைத் தொழிலாளரின் ஓய்வூதியச் சேமிப்பு ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வங்கி முறை சரியக்கூடாது என்ற காரணம் சொல்லப்பட்டது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாணயம் சரிந்தபோதும் வட்டி ஏறியபோதும் இலாபம் பார்த்தவர்களிடமிருந்து எதுவும் கேட்கப்படவில்லை என்பதும் உண்மை.

அரச வருமானம் 2024இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டியது. இது வெற்றிதான். ஆனால் வரி வருமானத்தில் பெரும்பங்கு இன்னும் மறைமுக வரிகளிலிருந்தே வருகிறது. சொத்துள்ளோரிடமிருந்து பெறப்பட வேண்டிய வரி 2025இல் தொடங்கும் என்று நாணய நிதியத்துடன் உடன்பட்டிருந்தும் 2027க்குத் தள்ளிப்போடப்பட்டது. 2021இன் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் சில முதலீடுகளுக்கு 40 ஆண்டுகள் வரை வரிவிலக்கு அளிக்க வழிசெய்தது. மண்ணெண்ணெய் விலையை ஓர் இரவில் ஏற்ற முடிந்த அரசுக்கு, கொழும்பு மாளிகைகளைக் கணக்கெடுக்க ஐந்து ஆண்டுகள் தேவைப்படுகின்றன. நேரடி வரியின் பங்கை உயர்த்துவதும் வரிவிலக்குகளைப் பாராளுமன்றத்தின் முன் பகிரங்கப்படுத்தி வெட்டுவதும் வருங்காலச் சுபிட்சம் பற்றிப் பேசும் எந்த அரசுக்கும் முதல் வேலையாக இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் அஸ்வெசும கொடுப்பனவைச் சில ஆயிரம் ரூபா கூட்டுவது, வலது கையால் எடுத்ததில் ஒரு பகுதியை இடது கையால் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம்.

டொலர் எங்கிருந்து வரும்?

வரியால் ரூபாவைத் திரட்டலாம், டொலரைத் திரட்ட முடியாது. வெளிநாட்டுக் கடனை டொலரில்தான் கட்ட வேண்டும். 2000ஆம் ஆண்டில் பொருட்கள், சேவைகள் ஏற்றுமதி இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 39 சதவீதமாக இருந்தது. பின்னர் அது ஏறத்தாழ அரைவாசியாகச் சுருங்கியது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டைவிடப் போர் முடிந்த நாடு, தன் அளவுக்கு ஏற்றவாறு பார்த்தால், குறைவாகவே ஏற்றுமதி செய்தது. கட்டுமானத்திலும் காணி விலையிலும் இறக்குமதி வியாபாரத்திலும் பணம் பண்ணுவது இலகுவாக இருந்தபோது தொழிற்சாலை தொடங்க எவரும் அவசரப்படவில்லை.

2024இன் பொருளாதார நிலைமாற்றச் சட்டம் ஏற்றுமதியை 2030இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 40 சதவீதமாகவும் 2040இல் 60 சதவீதமாகவும் உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கைச் சட்டத்தில் எழுதிவிட்டால் கப்பல் நிறையாது. 2024இல் சுமார் 12.8 பில்லியன் டொலராக இருந்த பொருள் ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 பில்லியன் ஆடைகளிலிருந்து வந்தது. அந்த ஆடைகளின் மிகப்பெரிய கொள்வனவாளர் அமெரிக்கா. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரியை அறிவித்தபோது கொழும்பு நடுங்கியது அதனால்தான். அது ஆகஸ்டில் 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடையின் நிலை இது.

அதே 2024இல் வெளிநாடுகளில் வேலைசெய்வோர் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலர். ஆடை ஏற்றுமதியைவிடவும் அதிகம். அவ்வருடம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளியேறினர். இன்றைய ‘மீட்சி’யைத் தாங்கி நிற்பது மத்திய கிழக்கு வீடுகளில் உழைக்கும் பெண்களின் சம்பளம் என்றால் அது மிகையல்ல. அது கௌரவமான உழைப்பு. ஆனால் நாட்டின் இளையோரை அனுப்பிவைப்பது ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கொள்கையாக இருக்க முடியாது.

பொருளியலாளர்கள் வழமையாகச் சொல்லும் மருந்து, இறக்குமதித் தீர்வைகளையும் செஸ் போன்ற மேலதிக வரிகளையும் குறைத்துச் சந்தையைத் திறப்பது. பெருமளவு சரி. தரை ஓடும் குளியலறைப் பொருட்களும் செய்யும் சில கம்பனிகளைப் பாதுகாக்க, வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய வன்னிக் குடும்பம் அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதுகாப்பை எடுத்தால் அழப்போகிறவர்கள் சிலரே. ஆனால் விவசாயத்தில் அதே மருந்தை அதே அளவில் கொடுக்கும்போது எமது வரலாறு குறுக்கே நிற்கிறது. 1970–77 காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் நாட்டின் சந்தையைப் பிடித்தன. தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டிய காலம் அது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு சந்தையை ஒரேயடியாகத் திறந்தபோது அந்த விவசாயிகள் விழுந்தார்கள். மாற்று வழி எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. தென்னிலங்கைக்குச் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, வடக்குக்கு வரவில்லை. அதன் பின்னர் நடந்தவற்றுக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டுகளில் விரக்தியடைந்த இளைஞர்களின் வீடுகளில் இந்தக் கதையும் இருந்தது. ஆகவே திறக்க வேண்டியதைத் திறக்கும்போது, உருளைக்கிழங்கு அறுவடை நேரத்தில் இறக்குமதியை விடுவதா என்பது போன்ற கேள்விகளுக்குப் போகவாரியாக, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பதில் வேண்டும். களஞ்சியமும் குளிரூட்டியும் விதையும் அதற்கு முன்னரே வர வேண்டும்.

வடக்கு கிழக்கில் தொழில் இருந்தது என்பதை இளம் தலைமுறைக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரால் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் எண்பதுகளில் நின்றது. வாழைச்சேனை காகித ஆலை பேருக்கு இருந்தது. 2025இல் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்புகளுக்கு எமது பக்கத்தில் பஞ்சம் இருந்ததில்லை. பலாலி சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. கோவிட்டுடன் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. நாகபட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, அடுத்த வருடம் ஆகஸ்டில் மீண்டும் ஓடியது.

ஆனையிறவு உப்பளத்தின் கதை இவற்றைவிடச் சுவாரசியமானது. போரில் சிதைந்த உப்பளம் புதுப்பிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் அங்கு பொதியிடும் உப்புத் தொழிற்சாலை திறந்துவைக்கப்பட்டது. பொதியில் இருந்த பெயர் ‘ரஜ லுணு’. ஆனையிறவின் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு எதிர்ப்பு எழுந்தது. அதே வருடம் மழையால் உற்பத்தி பாதிக்கப்பட்டு நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்தது, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கப்பட்டது. சுற்றிலும் கடல் உள்ள நாடு உப்புக்கு டொலர் கொடுத்தது. பெயர்ப் பிரச்சினையை ‘இனவாதம்’ என்றோ ‘சின்ன விடயம்’ என்றோ ஒதுக்கியவர்கள், ஓர் இடத்தின் பெயர் சந்தையில் விலைபெறும் சொத்து என்பதை மறந்துவிட்டார்கள். சிலோன் தேயிலை என்ற பெயருக்காக இதே அரசு உலகெங்கும் பணம் செலவிடுகிறது.

பூட்டிக் கிடக்கும் காணி

இலங்கையின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அரச காணி. எஞ்சியதில் உறுதி தெளிவாக உள்ளது எவ்வளவு என்பது வேறு கதை. எந்த முதலீட்டாளரும் முதலில் கேட்பது காணியை. எந்த வங்கியும் முதலில் கேட்பது உறுதியை. அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல முடியாத நாட்டில் உற்பத்தி பெருகாது. வடக்கு கிழக்கில் இந்தப் பூட்டு பல அடுக்குகளாக இருக்கிறது.

முதலாவது அடுக்கு இராணுவம். வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்னர் பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தது. ஆனாலும் உரிமையாளர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் செம்மண் தோட்டங்கள் இன்னும் உண்டு. நாட்டின் மிக வளமான தோட்ட நிலங்களில் அது ஒன்று. கேப்பாபிலவு மக்கள் 2017இல் வீதியில் அமர்ந்து கேட்டதும் தங்கள் தென்னங்காணிகளையும் நந்திக்கடல் கரையையும்தான். இரண்டாவது அடுக்கு திணைக்களங்கள். வனவளம், வனஜீவராசிகள், தொல்பொருள் என்று ஒவ்வொன்றும் எல்லைக்கல் நட்டிருக்கிறது. இடப்பெயர்வில் இருபது வருடம் உழாமல் விட்ட வயலில் மரம் வளர்ந்தால் அது வர்த்தமானியில் காடாகிவிடுகிறது. காடு பாதுகாக்கப்பட வேண்டும். ஆனால் அந்தக் காட்டுக்குள் கிணற்றுக்கட்டும் மாமரமும் இருந்தால் அது யாருடைய தோட்டம் என்று பார்க்கும் பொறிமுறை ஒன்று பிரதேச செயலக மட்டத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது அடுக்கு சட்டம். 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி, வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை நிரூபிக்குமாறு கேட்டது. நிரூபிக்கத் தவறினால் அரச காணியாகும். உறுதி எரிந்துபோனவரும், உறுதியோடு காணாமற்போனவரும், கனடாவில் இருப்பவரும் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்த பின்னர் வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. உரிமை நிர்ணயம் வேண்டாம் என்பதல்ல எமது வாதம். நிர்ணயம் இல்லாமல் அந்தக் காணிகள் பயன்படப் போவதில்லை. ஆனால் அதைப் போரின் பின் வாழும் சமூகத்தின் நிலைமைக்கு ஏற்ற காலவரையறையுடனும் தூதரகங்கள் வழியான விண்ணப்ப ஏற்பாட்டுடனும் மாற்றுச் சான்றுகளை ஏற்றும் செய்ய வேண்டும்.

நான்காவது அடுக்கு வீட்டுக்குள்ளே இருக்கிறது. தேசவழமைக்குக் கட்டுப்பட்ட திருமணமான பெண், தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூல ஒப்புதலின்றிக் கைமாற்ற முடியாது. கணவன் 2009இல் வட்டுவாகலில் கையளிக்கப்பட்டவர் என்றால் அந்தக் கையெழுத்தை எங்கே வாங்குவது? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்களுக்காக 2016இல் ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ என்ற ஏற்பாடு வந்தது. இருந்தும் நீதிமன்றம் போய் ஒப்புதலுக்கு மாற்று உத்தரவு பெறப் பணமும் காலமும் வேண்டும். வங்கியில் காணியை ஈடுவைக்க முடியாத பெண், வாசலுக்கு வரும் நுண்நிதிக் கம்பனியிடம் போனாள். வாரத் தவணையும் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடனும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பது வடக்கு கிழக்கின் கிராமங்கள் அறிந்தது. 2018இல் அரசாங்கம் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை வறட்சி மாவட்டங்களில் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. வட்டிக்கு எல்லை வைத்தார்கள், கம்பனிகளைப் பதிவுசெய்யச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் பெயரில் உள்ள இரண்டு பரப்பைப் பயன்படுத்தக்கூடிய சொத்தாக்கும் சட்டத் திருத்தம் வரவில்லை. தேசவழமையில் அந்த ஒரு பிரிவை மாற்றுவதற்குக் கொழும்பு தடையாக இருப்பதாகச் சொல்ல முடியாது. தமிழ்ப் பிரதிநிதிகள் ஒருமித்துக் கேட்டிருந்தால் அது எப்போதோ நடந்திருக்கும்.

படையும் அரச நிறுவனங்களும்

போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும் இரண்டு இலட்சம் பேர் கொண்ட தரைப்படை இருந்தது. அதை 2024இல் 1,35,000 ஆகவும் 2030இல் ஒரு இலட்சமாகவும் குறைப்பதாகப் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் 2023 ஜனவரியில் அறிவித்தார். எண்ணிக்கை குறைகிறது. ஆனால் பாதுகாப்புக்கான ஒதுக்கீடு நானூறு பில்லியன் ரூபாவுக்கு மேலேயே நிற்கிறது. அதில் பெரும்பங்கு சம்பளமும் பராமரிப்பும் என்பதால் உடனே வெட்ட முடியாது என்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இராணுவம் விடுதி நடத்துவதையும், சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் பண்ணையும் முன்பள்ளியும் நடத்துவதையும் நிறுத்த எந்த நிதி நெருக்கடியும் தடையல்ல. கூலி, மின்சாரம், காணிக்குத்தகை எதுவும் கணக்கில் வராத ஒரு விற்பனையாளருடன் உள்ளூர்த் தோட்டக்காரரும் கடைக்காரரும் போட்டியிட முடியாது. தனியார் துறை வளரவேண்டும் என்று அரசு உண்மையில் நினைத்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

அரச தொழில்முயற்சிகள் ஐந்நூறுக்கும் மேல் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கணக்கறிக்கையைக்கூட உரிய காலத்தில் சமர்ப்பிப்பதில்லை. விற்பதா வைத்திருப்பதா என்ற சண்டை ஓயாது. அதற்கு முன்னர் அவற்றின் கணக்கைப் பார்க்கும் உரிமை மக்களுக்கு வேண்டும். 2023இல் நாணய நிதியம் வெளியிட்ட ஆளுகைக் குறைபாடுகள் பற்றிய அறிக்கையும், அவ்வருட ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அந்தத் திசையில் வந்தவை. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் ஒரு பாடம். போட்டி விலைமனு இன்றி அதானி நிறுவனத்துடன் அலகு 8.26 அமெரிக்க சதத்துக்கு உடன்பாடு செய்யப்பட்டது. விலை பற்றிக் கேள்வி எழுந்தது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. அதே ஆண்டு மன்னார் தீவில் மற்றைய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். காற்று மின்சாரம் நாட்டுக்குத் தேவை. ஆனால் எங்கே, என்ன விலைக்கு, அங்குள்ளவர்களுக்கு என்ன பங்கு என்று முதலில் பேசியிருந்தால் இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

முடிவெடுக்கும் இடம்

நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகம் மேல் மாகாணத்தில். வட மாகாணத்தின் பங்கு இருபதில் ஒன்றைக்கூட எட்டவில்லை. கொழும்பைச் சுற்றியே வளரும் பொருளாதாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை மொனராகலையும் அனுராதபுரமும்கூடக் கேட்க வேண்டும். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் வந்த மாகாண சபைகளுக்கு விவசாயமும் உள்ளூர்க் கைத்தொழிலும் கூட்டுறவும் கையளிக்கப்பட்டிருக்கின்றன. பணம் திரட்டும் அதிகாரம் பெயரளவில்தான். 2013இல் தெரிவான முதலாவது வட மாகாண சபை முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க முனைந்தபோது ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. புலம்பெயர்ந்தோரின் பணத்தைப் பகிரங்கக் கணக்குடன் உற்பத்தியில் இறக்கக் கிடைத்த ஒரே வாசல் அது. அது மூடப்பட்ட பின்னர் அந்தப் பணம் கோபுரங்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் ஆளில்லாத மாடி வீடுகளுக்கும் போகிறது என்று குறைசொல்வதில் பயனில்லை. அதேவேளை அந்தச் சபை தன் கையில் இருந்த கூட்டுறவுத்துறையில் செய்யக்கூடியதைச் செய்ததா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். எமது கட்சிகள் அரசியல் தீர்வு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கிளிநொச்சியின் நெல்லை அரிசியாக்கி விற்பது பற்றி ஒரு பக்கம் எழுதியதாகத் தெரியவில்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி யாழ். தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வடக்கினது 2018இலும் முடிந்தது. அதன் பின்னர் ஆளுநர்களே நடத்துகிறார்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டத்துக்கு எல்லை நிர்ணயம் தேவைப்பட்டது. அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறைக்குத் திரும்புவதற்குத் தேவை சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றக்கூடிய ஒரு திருத்தச் சட்டமூலம். ஆளும் கட்சியிடம் 225இல் 159 ஆசனங்கள் இருக்கின்றன.